கையில் தட்டிய ‘டக்’: ஒரு ஸ்டியரிங் சத்தத்தைத் தேடிப் பிடித்த பதிவு

காதில் விழுவதற்கு முன்னால் அது கையில்தான் தட்டியது. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனையிலிருந்து லிந்துலைப் பக்கம் இறங்கி வருகிறேன். தார் பெயர்ந்து கல் தெரியும் ஓர் இடத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது உள்ளங்கையில் யாரோ விரலால் சுண்டியது போல ஒரு ‘டக்’. அடுத்த பள்ளத்திலும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தலவாக்கலை டவுன் வரைக்கும் வரவே இல்லை. மறுநாள் வந்தது, அதற்கு மறுநாள் இல்லை. இப்படியே மூன்று வாரம் போனது.

வண்டி 2002ஆம் ஆண்டு ஜப்பான் செடான். 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின், முன் சக்கரங்கள் இழுக்கும் வகை. ஸ்டியரிங் கொலத்திலேயே, அதாவது ஸ்டியரிங் வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டுப் பகுதியிலேயே, மோட்டார் வைத்த மின் பவர் ஸ்டியரிங். இந்த மோட்டார் விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. நடுவில் இருந்த காலத்தில் மலையில் என்னைப் போன்ற எல்லாரும் கையில் இருந்த பழைய காரையே பொன் போலப் பார்த்துக்கொண்டோம். மாற்றுவது என்ற யோசனையே இல்லை. அதனால் ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் எனக்கு இரவில் தூக்கம் குறைந்துவிடும். அதுவும் ஸ்டியரிங்கில். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் என்று இருக்கிற ரோட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு ஸ்டியரிங்கில் சந்தேகம் வரக்கூடாது.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நகரத்தில் ஒரு கராஜில் விட்டேன். ஜாக் போட்டு முன்பக்கத்தைத் தூக்கினார்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்கள், இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார்கள். ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டும் லூஸ், வலது ஷொக் மவுண்டும் போய்விட்டது என்றார்கள். மாற்றினோம். சாமானும் கூலியும் சேர்த்து 34,000 ரூபா. வெளியே எடுத்த பழைய லிங்கை நானே கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், உண்மையிலேயே தளர்ந்துதான் இருந்தது. ரோட்டில் முன்பு கேட்ட ‘கடகட’ ஒன்று நின்றும் போனது. நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் அதே கல் ரோட்டில், அதே உள்ளங்கையில், அதே ‘டக்’.

திரும்பக் கொண்டுபோனால், “அப்படின்னா ரெக் போயிருக்கும் மாஸ்டர், மாத்திப் பார்ப்போம்” என்றார்கள். அந்தப் ‘பார்ப்போம்’தான் என்னை நிறுத்தியது. ஸ்டியரிங் திரும்புவதை வாங்கி முன் சக்கரங்களை இடமும் வலமும் தள்ளுகிற பல்சட்டம்தான் ரெக். அதை ‘பார்ப்பதற்காக’ மாற்ற என்னிடம் காசில்லை. இருந்தாலும் மாற்றியிருக்கக் கூடாது. முன்பக்கம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கிற பதினைந்து இருபது மூட்டுகள். அவற்றில் பழைய வண்டியில் ஐந்தாறு எப்போதும் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும். தளர்ந்த சாமானைக் கண்டுபிடிப்பது வேறு, சத்தம் போடுகிற சாமானைக் கண்டுபிடிப்பது வேறு. என் வண்டியில் இரண்டு சத்தம் இருந்திருக்கிறது. ஒன்றை மாற்றிவிட்டு இரண்டும் போகும் என்று நம்பியிருந்தேன்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பிள்ளைகளுக்கு ‘அவதானித்து எழுது’ என்று சொல்கிறதை நானே செய்யலாம் என்று ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை வண்டியில் போட்டேன். ‘டக்’ வந்தால் வண்டியை நிறுத்துகிற முதல் இடத்தில் நிறுத்தி எழுதுவது: எந்த இடம், ஏற்றமா இறக்கமா, வேகம், ஸ்டியரிங் நேராகவா திருப்பியா, பிரேக்கில் கால் இருந்ததா, வண்டியில் எத்தனை பேர், மழையா வெயிலா. வராத நாளையும் எழுதினேன், அது முக்கியம். மகள் பின் சீட்டில் வருகிற நாட்களில் அவளே எழுதினாள். அவள் காது என்னுடையதை விடக் கூர்மை. “அப்பா, பிரேக்ல கால் வச்சாலும் வருது” என்று முதலில் சொன்னவள் அவள்தான். அந்த ஒரு வரியில் பிரேக் கலிப்பர் தேய்ந்து ஆடுகிறதோ என்ற சந்தேகம் போய்விட்டது. பேட்டோ கலிப்பர் பின்னோ ஆடி வருகிற சத்தமாக இருந்தால், பிரேக்கை மெல்ல மிதித்தபடி அதே பள்ளத்தில் இறக்கும்போது அடங்கிவிடும். இது அடங்கவில்லை.

கொப்பி என்னை ஒரு தடவை ஏமாற்றவும் பார்த்தது. பத்து நாள் முடிவில் பார்த்தால் காலையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, பிற்பகலில்தான் எல்லாம். நம் ஊர்க் குளிர் தெரியும்தானே, காலையில் பனிமூட்டத்தில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போக வேண்டும். சரி, குளிரில் ரப்பரும் கிரீஸும் இறுகிச் சத்தம் அடங்குகிறது, வெயில் ஏறினால் இளகித் தளர்கிறது என்று அழகாக ஒரு காரணம் தயாராகிவிட்டது. நல்ல வேளை, அதை வைத்து ஒன்றையும் வாங்கவில்லை. யோசித்தால், காலையில் நான் போவது ஏற்றம், பிற்பகலில் வருவது இறக்கம். நேரமும் திசையும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது. பிரிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை பிற்பகல் வெயிலில் மேலே ஏறினேன். ஒரே ஒரு தடவைதான் ‘டக்’. மறுநாள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பனியில், அதே ரோட்டில் கீழே இறங்கினேன். ஏழு தடவை! குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இறங்கும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது, வேகமும் கொஞ்சம் கூட, கல்லில் சக்கரம் அடிவாங்குகிறது. அவ்வளவுதான்.

அடுத்து எனக்கு விசித்திரமாகப் பட்டது வளைவுகள். தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையில், டெவன் நீர்வீழ்ச்சி தெரிகிற பக்கமெல்லாம் வளைவுக்கு மேல் வளைவு. ஸ்டியரிங் கெட்டிருந்தால் அங்கேதானே தெரிய வேண்டும்? அங்கே ஒரு தடவைகூட வரவில்லை. ஸ்டியரிங் நேராக இருந்து, ரோடு மட்டும் கரடுமுரடாக இருக்கிற இடத்தில்தான் வந்தது, மணிக்கு 20 முதல் 30 கிலோமீற்றர் வேகத்தில். இன்னொன்றும் எழுதியிருந்தேன்: ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால் கையில் பலமாகத் தட்டுகிறது, லேசாக விட்டால் மங்குகிறது.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் லிந்துலைப் பக்கத்துப் பெரிய பாஸிடம், ஒரு மூத்த மெக்கானிக்கிடம், போனேன். தோட்டத்து லொறிகளையும் டிராக்டர்களையும் நாற்பது வருஷம் பார்த்தவர், இப்போது வீட்டு வாசலில் தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறார். கொப்பியை வாசித்துக் காட்டினேன். வண்டியைப் பார்க்கவே இல்லை, எழுந்து வரவும் இல்லை. “வளைவுல வராதுங்களா மாஸ்டர்?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். வராது என்றேன்.

அவர் சொன்னதை என் சொல்லில் எழுதுகிறேன். ஒரு மூட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், அதை ஒரே பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தால் அது சத்தம் போடாது. நீண்ட வளைவில் நாம் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறோம், இடைவெளி முழுவதும் ஒரு பக்கமாக அடைந்துவிடுகிறது. நேர் ரோட்டில் கல்லில் ஏறும்போதோ சக்கரம் இடதும் வலதுமாக மாறி மாறி உதைக்கிறது. தள்ளும் திசை மாறுகிற ஒவ்வொரு தடவையும் உலோகம் உலோகத்தில் போய் முட்டுகிறது. அதனால் இந்த இடைவெளி ஷொக்கிலோ லோவர் ஆம் புஷ்ஷிலோ இருப்பதை விட, சக்கரத்துக்கும் கைக்கும் நடுவில் ஸ்டியரிங் வழியில்தான் இருக்க வேண்டும்: டை ரொட் எண்ட் (சக்கரத்தோடு சேரும் மூட்டு), ரெக் எண்ட் (ரெக்கின் முனையில் உள்ள மூட்டு), ரெக், ரெக்குக்கு மேலே ஏறி வரும் தண்டு, கொலம். சந்தேகம் இருபதிலிருந்து ஐந்துக்குச் சுருங்கிவிட்டது.

ஜாக் எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். கராஜில் ஏன் பிடிபடவில்லை என்பதற்கும் அதிலேயே பதில் இருந்தது. வண்டியைத் தூக்கினால் சக்கரம் காற்றில் தொங்குகிறது, திருப்பினால் தடுக்க ஒன்றுமில்லை. மூட்டில் பாரம் ஏறாது, சத்தமும் வராது. நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி, வண்டி தன் பாரத்தோடு நிற்க வேண்டும்.

மலையில் சமதரை தேடுவது பெரும்பாடு. கடைசியில் கோயில் முன்னால் திருவிழாவுக்குச் சமப்படுத்திய இடத்தில் நிறுத்தினோம். ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுத்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மச்சான் டிரைவர் சீட்டில். அவர் வேலை ஒன்றுதான்: ஸ்டியரிங்கை மணிக்கூட்டு முள் 11க்கும் 1க்கும் இடையில் போய் வருகிற அளவுக்கு, சட் சட்டென்று இடமும் வலமும் அசைப்பது. முழுசாகத் திருப்பக் கூடாது. சக்கரம் பெரிதாக உருளவும் கூடாது, டயர் தரையைப் பிடித்துக்கொண்டு எதிர்க்க வேண்டும். மூன்றாவது அசைவிலேயே ‘டக்’ வந்தது. மூன்று வாரம் தேடியது, நின்ற இடத்திலேயே. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

பாஸ் என்னைக் கீழே படுக்கச் சொன்னார். “காதை நம்பாதீங்க மாஸ்டர், கையை வைங்க.” முதலில் வலது டை ரொட் எண்ட். விரல்கள் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் படுகிற மாதிரி மூட்டைக் கவிந்து பிடிக்க வேண்டும். இடைவெளி இருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக அசையாமல் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இங்கே ஒன்றாகவே அசைந்தது. ‘டக்’ கேட்கிறது, ஆனால் தூரத்தில் கதவு தட்டுவது போல மங்கலாகத்தான் கையில் படுகிறது. இடது பக்கமும் அப்படியே. ரெக் எண்டுகளை மேலிருக்கும் ரப்பர் உறையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். அங்கேயும் மங்கல். ரெக் உடம்பு புஷ்ஷில் பக்கவாட்டில் நகர்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தோம், நகரவில்லை. இந்த நேரமெல்லாம் எஞ்சின் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. சட்டைக் கையை மடித்து, பெல்ட்டும் ஃபேனும் உள்ள பக்கத்துக்குக் கை போகாமல் பார்த்துக்கொண்டேன். மச்சானுக்கும், நான் சத்தம் போட்டுச் சொன்னால் ஒழிய அசைக்காதே என்று ஒப்பந்தம்.

அப்புறம் உள்ளே. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, மச்சானின் கால்களுக்கு நடுவே தலையை விட்டு, பெடல்களுக்கு மேலே கையை நீட்டினேன். கொலத்திலிருந்து ஒரு சிறு தண்டு சாய்வாகக் கீழே இறங்கி ரெக்கைப் பிடிக்கிறது. அதன் இரண்டு முனையிலும் குரோஸ் என்கிற சிலுவை வடிவத் துண்டு வைத்த மூட்டு, லொறி புரொபெல்லர் ஷாஃப்டில் இருப்பதன் சின்ன வடிவம். மேல் மூட்டில் கை வைத்தேன்: ‘டக்’ கொஞ்சம் பலம். தரை ரப்பரை ஒதுக்கிக் கீழ் மூட்டைத் தொட்டேன். என்ன சொல்வது, அந்த ‘டக்’ விரல் நுனியில் எறும்பு கடித்தது போல நறுக்கென்று இருந்தது. கண்ணில் பார்க்க ஒரு அசைவும் தெரியவில்லை. ஆனால் மேல் கவையில் பெருவிரலையும் கீழ்க் கவையில் சுட்டுவிரலையும் வைத்தபோது, பெருவிரல் அசைந்து முடிந்து ஒரு கணம் கழித்துத்தான் சுட்டுவிரல் அசைந்தது. பாஸ் எட்டிப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே “கெடச்சிருச்சா?” என்றார்.

கராஜில் வலது முன் சக்கரம் என்று ஏன் எல்லாரும் நினைத்தார்கள் என்பதும் இப்போது புரிந்தது. நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலது பக்கம், தண்டு இறங்குவதும் வலது பக்கம். மூட்டில் பிறந்த சத்தம் தகடு வழியாக வலது முன் மூலைக்குப் பரவிவிடுகிறது. உட்கார்ந்திருப்பவன் காதுக்கு அது சக்கரத்திலிருந்து வருவது போலவே இருக்கும்.

மூட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அதை ரெக்கோடு இறுக்குகிற போல்ட். அது தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். அப்படித் தளர்ந்திருந்தால் வண்டியை ஓர் அடிகூட ஓட்டக் கூடாது, கழன்றால் ஸ்டியரிங் சும்மா சுற்றும். எங்களுடையது இறுக்கமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கழற்றினோம். சக்கரத்தை நேராக நிறுத்தி, ஸ்டியரிங்கை சீட் பெல்ட்டால் கட்டிவிட்டோம். தண்டைக் கழற்றியபின் ஸ்டியரிங் வீல் தன்பாட்டில் சுற்றினால் உள்ளே ஏர்பேக்குக்குப் போகிற சுருள் கேபிள் அறுந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம், ஏர்பேக் மின்சாரம் இறங்க நேரம் கொடுப்பதற்காக. தண்டும் அது பொருந்தும் முனைகளும் எப்படி நிற்கின்றன என்று வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டோம். இரண்டு முனையிலும் போல்ட்டை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். தளர்த்தினால் போதாது, போல்ட் தண்டின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மேலே தள்ளி வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

வெளியே எடுத்த மூட்டைப் பாஸ் என் கையில் கொடுத்தார். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை மடக்கினால், ஒரு பக்கம் செத்த கோழிக் கழுத்து மாதிரித் துவண்டு விழுகிறது. அதற்குக் குறுக்குப் பக்கம் மடக்கினால் நடுவில் ஓர் இடத்தில் சிக்கி, பிறகு நழுவுகிறது. அந்தச் சிக்கும் இடம் நேராக ஓடும்போது நிற்கிற நிலை. வெள்ளைத் துணியில் தட்டினேன், செங்கல் பொடி போலச் சிவந்த தூள் கொட்டியது. உள்ளே ஊசி ஊசியாக இருக்கிற பெயரிங் கிரீஸ் இல்லாமல், துருவோடு தேய்ந்த தூள். மூட்டை மூடியிருந்த ரப்பர் உறையில் விரல் நீளத்துக்குப் பிளவு. மாதக்கணக்காக அந்தப் பிளவு வழியாக மழைத் தண்ணீர் போயிருக்கிறது.

இங்கேதான் அந்த மோட்டார். ஒயில் பவர் ஸ்டியரிங்கில் உதவி விசை ரெக்கிலேயே கிடைக்கும், தண்டு வழியாக நம் கைப்பலம் மட்டும்தான் போகும். மோட்டார் கொலத்தில் இருந்தால், நம் கைப்பலமும் மோட்டாரின் பலமும் சேர்ந்து இந்தச் சின்னக் குரோஸ் வழியாகத்தான் கீழே போக வேண்டும். எங்கள் வீட்டு வாசல் குறுகல். தினமும் வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுசாக வளைத்து வளைத்துத் திருப்பித்தான் உள்ளே விடுவேன். அந்த மூட்டுக்கு நான் கொடுத்த பாரமும் இதில் உண்டு. இப்போது வண்டியை ஒரு சாண் உருட்டிக்கொண்டே திருப்பப் பழகிவிட்டேன்.

குரோஸின் கிண்ணத்தைச் சுற்றி உளி போன்ற ‘பஞ்ச்’ கருவியால் அடித்து இறுக்கினால் போதும், செலவில்லை என்று ஒருவர் யோசனை சொன்னார். பாஸ் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். எனக்கும் அதில் இரண்டாம் பேச்சில்லை. அடித்து இறுக்கிய மூட்டு சிக்கிக்கொண்டால், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் நேராகத் திரும்பி வராது.

சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ரீகண்டிஷன் தண்டு மூன்று காட்டினார்கள், ஒன்று 9,000 ரூபா. கடை வாசலிலேயே மூன்றையும் மடக்கிப் பார்த்தேன். இரண்டில் அதே நடுச் சிக்கல், மூன்றாவது பரவாயில்லை, ஆனால் ஒரு பக்கம் துவண்டது. புதுசு 31,000. நல்ல மூட்டு எப்படி இருக்கும் என்று அதைத் தொட்டபோதுதான் தெரிந்தது: விட்ட இடத்தில் நிற்கிறது, தானாக விழுவதில்லை, மடக்கினால் நெய்யில் போவது போல ஒரே சீராகப் போகிறது. புதுசையே வாங்கினேன். ரப்பர் உறையும் புது போல்ட்டுகளும் சேர்த்து.

பூட்டும்போது ஒரு தவறு நடந்தது. புதுத் தண்டில் பெயிண்ட் கோடு இல்லை, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து மாற்றினோம், ஒரு பல் தள்ளிப் போய்விட்டது. ஓட்டிப் பார்த்தால் வண்டி நேராகப் போகிறது, ஸ்டியரிங் வீல் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. டை ரொட்டைத் திருகி நேராக்கிவிடலாம் என்றார் மச்சான். கூடாது. டை ரொட்டை நாங்கள் தொடவே இல்லை, சக்கரக் கோணம் சரியாகத்தான் இருக்கிறது. பிழை தண்டில் இருந்தால் தண்டில்தான் திருத்த வேண்டும். மறுபடி கழற்றி ஒரு பல் திருப்பி வைத்தோம். போல்ட்டை டோர்க் ஸ்பெனரில் 35 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினோம், எங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள அளவு. அது வண்டிக்கு வண்டி மாறும், அவரவர் கையேட்டைப் பார்க்க வேண்டும். இறுக்கிய போல்ட் தலைக்கும் மூட்டுக்கும் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு.

மறுநாள் பிற்பகல் அக்கரப்பத்தனையிலிருந்து இறங்கினேன், மகள் பின் சீட்டில் கொப்பியோடு. முதன்முதலில் தட்டிய அந்தக் கல் ரோட்டில் 25இல், நேராக, ஸ்டியரிங்கை வேண்டுமென்றே இறுக்கிப் பிடித்துக்கொண்டு. டயர் கல்லில் ஏறி இறங்குகிற தொம் தொம் மட்டும் கேட்டது. உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. டவுன் வந்ததும் கொப்பியை எட்டிப் பார்த்தேன். திகதி போட்டு, பக்கத்தில் ஒரு பூச்சியம் போட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு 4,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. முதல் ஆயிரத்தில் ஒரு தடவையும் போன வாரம் ஒரு தடவையும் தரை ரப்பரை ஒதுக்கி அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். இரண்டு தடவையும் விலகாமல் ஒரே கோடாக இருந்தது.